ராக் பாடகரின் வாழ்க்கை வரலாற்றை எப்படி எடைபோடுவது?

எண்ணூறு பக்கத்தில் ஒரு ராக் பாடகரின் வாழ்க்கை வரலாறு வந்திருக்கிறது, குடும்பத்தார் ஒத்துழைக்க மறுத்திருக்கிறார்கள், பத்திரிகைகள் மெச்சுகின்றன, ரசிகர்கள் குப்பை என்கிறார்கள், அவருடைய ஆல்பங்களைத் தாண்டி ஒன்றும் அறியாத நான் யாரை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. புத்தகம் சொல்வது உண்மையா என்பது ஒன்று. உண்மையோ இல்லையோ, படிக்கத் தகுந்ததா என்பது மற்றொன்று. ரசிகர்கள் கேட்பதோ மூன்றாவது கேள்வி: எங்கள் ஆளை நல்லவராகக் காட்டியிருக்கிறானா? அதை நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் ரசிகர்களை அடியோடு ஒதுக்கிவிட வேண்டாம். எந்த ஊரில் எந்தத் தேதியில் எந்தப் பாட்டு பாடப்பட்டது என்பதில் மதிப்புரையாளர்களைவிட அவர்களுக்கு ஞாபகம் கூர்மை. இன்ன பக்கத்தில் இன்ன தவறு என்று ஒருவர் சொன்னால் குறித்துக்கொள்ளுங்கள். அவமானப்படுத்திவிட்டான் என்று மட்டும் சொன்னால் நகர்ந்துவிடுங்கள்.

பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்துபவனாகவும் தகவல் சரிபார்ப்பவனாகவும் தொடங்கி, பிறகு இசை நூல்களுக்கு மதிப்புரை எழுதப் போனவன் நான். இந்த வகைப் புத்தகங்களை வேலையாகவே படித்து வந்திருக்கிறேன். அதனால் என் பதிலில் சரிபார்ப்பவனின் குணம் சற்றுத் தூக்கலாக இருக்கும். நடையழகை முதலில் பார்ப்பவர் வேறு மாதிரி சொல்லக்கூடும்.

முதல் பக்கத்திலிருந்து தொடங்காதீர்கள். அந்தப் பாடகர் தன்னைப் பற்றிப் பேட்டிக்குப் பேட்டி சொல்லிவந்த கதை ஒன்று கட்டாயம் இருக்கும். வீட்டைவிட்டு ஓடினேன், தெருவில் படுத்தேன், அப்பா கிட்டாரை உடைத்தார், இப்படி ஏதாவது ஒன்று. ரசிகர்கள் எல்லோருக்கும் அது மனப்பாடம். அந்தக் கதை வரும் பக்கங்களைத் தேடி எடுத்து, நூலாசிரியர் அதை என்ன செய்திருக்கிறார் என்று பாருங்கள். ராக் உலகில் பாட்டோடு சேர்த்துத் தன்னையும் இயற்றிக்கொள்ளாத பெரிய பாடகர் அபூர்வம். எனவே வரலாறு எழுதுபவருக்கு முதல் சோதனை நாயகனின் வாயிலிருந்தே வருகிறது. சோம்பலான ஆசிரியர் கதையை அப்படியே விழுங்கிவிடுவார். கெட்டிக்காரத்தனத்தைக் காட்ட நினைப்பவர் 'பொய், பிடித்துவிட்டேன்' என்று குதிப்பார். நல்லவர் கதையைச் சரிபார்த்து, பொய் என்று கண்டால், அது ஏன் சொல்லப்பட்டது என்ற இடம்வரை போவார். என் மதிப்பீட்டில் பாதி இந்த ஓர் இடத்திலேயே முடிந்துவிடும்.

நிர்வாணா குழுவின் கர்ட் கோபேனை எடுத்துக்கொள்ளுங்கள். வாஷிங்டன் மாநிலத்தில் ஆபர்டீன் என்ற மரம் அறுக்கும் ஊரில் வளர்ந்தவர். பதின்வயதில் வீடில்லாமல், விஷ்கா ஆற்றின் மேலிருந்த ஒரு பாலத்தடியில் வாழ்ந்ததாகச் சொல்லிவந்தார். 1993இல் மைக்கேல் அசெராட் எழுதிய முதல் வரலாற்றில் இது கோபேனின் வாய்மொழியாக இடம்பெற்றது. அப்போது கோபேன் உயிரோடிருந்தார், நிறையப் பேசினார், ஆசிரியரும் பெரும்பாலும் கேட்டு எழுதினார். 2001இல் சார்லஸ் கிராஸ் எழுதிய வரலாறு வந்தது. அவர் அந்தப் பாலத்தைப் பற்றிக் கூட்டாளிகளிடம் கேட்டார். அங்கே அவன் பொழுது போக்குவான், வாழ்ந்ததெல்லாம் இல்லை என்றார் நிர்வாணாவின் பேஸ் கிட்டார் கலைஞர் கிறிஸ்ட் நோவசெலிக். அது கடலோடு ஏறி இறங்கும் ஆறு, அந்தச் சேற்றுக் கரையில் யாரும் படுக்க முடியாது. பிறகு எங்கேதான் படுத்தார்? நண்பர் வீட்டுத் திண்ணையில் ஓர் அட்டைப்பெட்டிக்குள், அடுக்குமாடிக் கட்டடங்களின் நடைவழிகளில், மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்தில் என்று கிராஸ் காட்டுகிறார். நோயாளியின் உறவினர் போல நாற்காலியில் உட்கார்ந்து விடியும்வரை ஒப்பேற்றும் ஒரு பையன். பாலத்தைவிட இதுதான் எனக்கு நெஞ்சை அடைக்கிறது. பொய் என்று நிரூபித்த கையோடு, பொய் எந்த உண்மையை மூடியிருந்தது என்பதையும் எடுத்து வைத்ததால் அந்த அத்தியாயம் நிற்கிறது. அசெராட்டையும் குறைசொல்லி விட்டுவிட முடியாது. 2023இல் தன் பழைய புத்தகத்துக்குத் தானே நீண்ட விளக்கக் குறிப்புகள் எழுதி, கோபேன் எங்கெங்கே கதைகட்டியிருந்தார் என்று சேர்த்து வெளியிட்டார். தன் புத்தகத்தையே முப்பது ஆண்டு கழித்து விசாரணைக்கு நிறுத்தும் ஆசிரியர்கள் மிகச் சிலர்.

பாப் டிலனும் இதே கதைதான். மினசோட்டாவின் ஹிப்பிங் நகரில் கடை வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை, ராபர்ட் சிம்மர்மன் என்ற பெயரோடு வளர்ந்தவர், ஊரூராகப் போகும் கேளிக்கைக் கூட்டத்தோடு திரிந்தவன் என்று நியூயார்க்கில் சொல்லித் திரிந்தார். 1963இலேயே நியூஸ்வீக் இதழ் உண்மையை அச்சிட்டுவிட்டது. அமெரிக்க ராக் பாடகர் லூ ரீடின் கதை இன்னும் சிக்கலானது. பதினேழு வயதில் அவருக்கு மின்னதிர்ச்சி சிகிச்சை தரப்பட்டது உண்மை. ஓரினச்சேர்க்கை நாட்டத்தை ஒடுக்கவே பெற்றோர் அப்படிச் செய்தார்கள் என்பது பல காலம் புத்தகம் புத்தகமாக ஏறிவந்த விளக்கம். 2015இல் அவருடைய தங்கை, அண்ணன் மனம் உடைந்து கிடந்த நிலையில் மருத்துவர் சொன்னதைக் கேட்டுச் செய்தார்கள், நோக்கம் அதுவல்ல என்று எழுதினார். இதில் யார் சரி? சிகிச்சை நடந்தது உறுதி. நோக்கம் உறுதியில்லை. இரண்டையும் தனித்தனியாக வைக்கும் ஆசிரியரை நம்பலாம். ஒரே மூச்சில் தீர்ப்புச் சொல்பவரிடம் கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும்.

இதற்கெல்லாம் எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு பீட்டில்ஸ் குழுவின் ஜான் லெனனின் பிளாக்பூல் காட்சி. 1946, அவருக்கு ஐந்து வயது. கப்பலில் வேலை பார்த்த தந்தை மகனை பிளாக்பூல் நகருக்கு அழைத்துப் போகிறார். தாய் ஜூலியா தேடி வருகிறார். யாரோடு இருப்பாய் என்று குழந்தையிடமே கேட்கிறார்கள். அப்பாவோடு என்கிறான். தாய் வெளியேறித் தெருவில் நடக்கிறார். பையன் அழுதுகொண்டே பின்னால் ஓடுகிறான். படத்தில் வைத்தால் அரங்கமே கண்ணைத் துடைக்கும். 1968இல் ஹன்டர் டேவிஸ் எழுதிய வரலாற்றிலிருந்து தொடங்கிப் பல புத்தகங்களில் இதுதான் லெனனின் பிற்காலக் கோபம் முழுமைக்கும் சாவி. 2013இல் மார்க் லூயிசன் தன் பீட்டில்ஸ் வரலாற்றின் முதல் தொகுதியை வெளியிட்டார். அது நடந்த வீட்டில் அன்றைக்கு இருந்த ஒருவரை, தந்தையின் கப்பல் நண்பரை, தேடிப்பிடித்துப் பேசியிருந்தார். அவர் சொன்னது சப்பென்று இருந்தது. கூச்சல் இல்லை, அழுகை இல்லை, தெருவில் ஓட்டமும் இல்லை. பெரியவர்கள் முன்னறையில் பேசி முடித்தார்கள், பையன் தாயோடு போவதாக முடிவாயிற்று, போனார்கள். அந்த ஒரு சாட்சியால் எத்தனையோ புத்தகங்களின் உளவியல் அத்தியாயங்கள் ஆட்டம் காண்கின்றன. கவனியுங்கள், லூயிசனின் தகவலும் ஒரு முதியவரின் நினைவுதான். ஆனால் அழுகையும் ஓட்டமுமான பழைய கதை தந்தை சொன்னது, அதில் அவருக்கு ஓர் ஆதாயம் இருந்தது, மகன் முதலில் என்னைத்தான் தேர்ந்தெடுத்தான் என்று காட்டிக்கொள்ளலாம். நண்பருக்கு அப்படி ஒன்றுமில்லை. சாட்சிகள் முரண்படும்போது இதைத்தான் பார்க்க வேண்டும்: யாருக்கு என்ன கிடைக்கிறது?

சில சமயம் ஒரு நாட்காட்டியே போதும். எல்விஸ் பிரெஸ்லி முதன்முதலில் மெம்ஃபிஸ் நகரின் ஒரு சிறு ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போய், ஏறத்தாழ 4 டாலர் கட்டித் தன் குரலைத் தட்டில் பதிந்துகொண்டது அம்மாவின் பிறந்தநாள் பரிசுக்காக என்று நெடுநாள் சொல்லப்பட்டது. அவர் போனது 1953இன் அமெரிக்கக் கோடையில், அதாவது ஜூனுக்குப் பிறகு. அம்மா கிளாடிஸின் பிறந்தநாள் ஏப்ரல் 25, அது முன்பே கடந்துவிட்டது. பீட்டர் குரால்னிக் 1994இல் வெளியிட்ட எல்விஸ் வரலாற்றில் இந்த இனிப்பு இல்லை. தன்னை யாராவது கவனிக்க மாட்டார்களா என்ற ஆசையோடு, அதை வெளியே சொல்லவும் கூசி நின்ற ஒரு பையனை அவர் காட்டுகிறார். அன்று ஒலிப்பதிவுக் கருவியை இயக்கியது யார் என்பதில் கூடத்தின் உரிமையாளர் சாம் பிலிப்ஸுக்கும் அங்கே வேலை பார்த்த மேரியன் கீஸ்கருக்கும் வாழ்நாள் முழுக்கச் சச்சரவு. நானே என்றார் இருவரும். குரால்னிக் சச்சரவை மறைக்கவில்லை. தீர்க்க முடியாததைத் தீர்க்காமல் விடுகிற அந்த நிதானத்துக்காகவே அவரை இந்தத் துறையில் முன்வரிசையில் வைக்கிறேன்.

இனி, குடும்பம் ஒத்துழைக்காதது குறையா என்ற உங்கள் கவலைக்கு வருகிறேன். குறைதான், ஆனால் ஒத்துழைப்பும் சும்மா வருவதில்லை. ஹன்டர் டேவிஸ் நான்கு பீட்டில்ஸின் சம்மதத்தோடு எழுதினார். கையெழுத்துப் படியை அவர்கள் பார்த்தார்கள். லெனனை வளர்த்த மிமி பெரியம்மாவுக்கு, பையன் திருடினான், கெட்ட வார்த்தை பேசினான் என்றெல்லாம் இருந்தது பிடிக்கவில்லை. அவர் மனம் கோணாதபடி அந்தப் பகுதி மென்மையாக்கப்பட்டது. மேலாளர் பிரையன் எப்ஸ்டீன் ஓரினச்சேர்க்கையாளர் என்பதை அன்றைக்கு வெளிப்படையாக எழுத முடியவில்லை. ஆனால் அதே டேவிஸ்தான் 1967இல், லெனனும் அதே குழுவின் பால் மெக்கார்ட்னியும் ஒரே அறையில் உட்கார்ந்து ஒரு பாட்டை வரி வரியாகக் கட்டுவதைப் பக்கத்திலிருந்து பார்த்து எழுதினார். பின்னால் வந்த எந்த ஆராய்ச்சியாளருக்கும் அந்த நாற்காலி கிடைக்காது. அனுமதி பெற்ற நூலில் நேரில் கண்டதை நம்பி எடுத்துக்கொள்ளுங்கள். விட்டுப்போனதை வேறிடத்தில் தேடுங்கள்.

பாடகரே எழுதியதென்றால் இன்னும் நம்பகம் என்று நினைப்பவர்களுக்கு நான் எப்போதும் காட்டுவது பீச் பாய்ஸ் குழுவின் பிரையன் வில்சன் பெயரில் 1991இல் வந்த தன்வரலாறு. அட்டையில் அவர் பெயர், உள்ளே 'நான்' என்ற குரல். அந்தக் காலத்தில் அவர் வாழ்க்கை முழுவதும் யூஜின் லாண்டி என்ற உளவியல் சிகிச்சையாளரின் பிடியில் இருந்தது. புத்தகமோ அந்தச் சிகிச்சையாளருக்குப் புகழ்மாலை சூட்டியது. மறு ஆண்டே நீதிமன்றம் லாண்டியை அவரிடமிருந்து விலக்கி வைத்தது. குழுவிலிருந்த உறவினர் மைக் லவ் அவதூறு வழக்குப் போட்டார். பிற்பாடு வில்சனே அந்தப் புத்தகத்தைத் தன்னுடையதாக ஏற்கவில்லை. 2016இல் வேறொரு தன்வரலாறு வெளியிட்டார். ஆகவே தன்வரலாறு என்றால் முதல் கேள்வி, அதை எழுதும்போது அவர் பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதுதான்.

மறுபக்கம், ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ் 2010இல் வெளியிட்ட தன்வரலாறு. இத்தனை போதைப்பொருளுக்குப் பிறகு இவருக்கு என்ன நினைவிருக்கும் என்று எல்லோரும் சிரித்தார்கள். அவர் 1962 ஏப்ரலில் தன் சித்தி ஒருவருக்கு எழுதிய கடிதத்தை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார். டார்ட்ஃபோர்ட் ரயில் நிலையத்தில் ஒரு காலை, ராக் அண்ட் ரோல் பாடகர் சக் பெரியின் இசைத்தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன், ஆரம்பப் பள்ளியில் கூடப் படித்த ஒருவன் வந்து பேசினான், அவனிடம் சக் பெரியின் எல்லா இசைத்தட்டும் இருக்கிறதாம் என்று பையன் துள்ளுகிறான். வந்து பேசியவர், பின்னாளில் ரோலிங் ஸ்டோன்ஸின் பாடகரான மிக் ஜாகர். இந்தச் சந்திப்பைப் பற்றி ஊர் சொல்லும் கதையில் இசைத்தட்டுகள் எப்போதும் ஜாகரின் கக்கத்தில்தான் இருக்கும். கடிதத்தில் ஒன்று கீத்தின் கையிலும் இருக்கிறது. தாங்கள் யாராக ஆகப் போகிறோம் என்று இருவருக்கும் தெரியாத நாளில் எழுதியது என்பதால் இந்த ஒரு தாளுக்கு அந்தப் புத்தகத்தின் மற்ற நூறு பக்கங்களைவிட எடை அதிகம். உங்கள் புத்தகத்திலும் இப்படிப்பட்ட தாள்களைத் தேடுங்கள். கடிதம், நாட்குறிப்பு, ஒப்பந்தம், ஒலிப்பதிவுக் கூடத்தின் நாள்வாரிக் குறிப்பு, நீதிமன்ற ஆவணம். புகழ் வருவதற்கு முன் எழுதப்பட்டவை எத்தனை என்று பாருங்கள்.

அனுமதியில்லாத நூலுக்கு இரண்டு வெளித்தடைகள் உண்டு. இவற்றை ஆசிரியரின் குறையாக எண்ணிவிடாதீர்கள். பாடல் வரிகளை மேற்கோள் காட்ட உரிமையாளரின் இசைவு வேண்டும், பணமும் ஆகும். அதனால் பாட்டைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதியும் ஒரு வரிகூட அச்சில் இல்லாமல் சுற்றிவளைப்பார்கள். படிக்க எரிச்சலாக இருக்கும். மற்றது அவதூறுச் சட்டம். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இறந்தவர் சார்பில் அவதூறு வழக்குப் போட முடியாது. பாடகர் உயிரோடிருக்கும்போது வாலைச் சுருட்டிக்கொண்ட பேனாக்கள் அவர் செத்த மாதமே படமெடுத்து ஆடும். இறந்த ஓராண்டுக்குள் வந்த புத்தகம் என்றால் நான் பின்குறிப்புகளை, அதாவது எந்தத் தகவல் எங்கிருந்து வந்தது என்று நூலின் கடைசியில் தரும் ஆதாரக் குறிப்புகளை, பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவேன்.

அடுத்தது, பேசியவர்கள் யார்? லெட் செப்பலின் என்ற ராக் குழுவைப் பற்றி 1985இல் ஸ்டீபன் டேவிஸ் எழுதிய புத்தகம் அமோகமாக விற்றது. அதன் சூடான பகுதிகளில் கணிசமானவை சுற்றுப்பயண மேலாளராக இருந்து நீக்கப்பட்ட ரிச்சர்ட் கோலின் வாய்வழி வந்தவை. குழுவினர் கடைசிவரை அதை ஏற்கவில்லை. வேலை போனவர், பணம் வராதவர், விவாகரத்தானவர் சொல்வதைத் தள்ளுபடி செய்துதான் படிக்க வேண்டும் என்று இதிலிருந்து முடிவுகட்டத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். 1976இல் எல்விஸின் மெய்க்காவலர்கள் மூவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். மறு ஆண்டு ஆகஸ்டில், எல்விஸ் இறப்பதற்கு ஏறத்தாழ இரண்டு வாரம் முன்பு, அவர்கள் சொல்லி எழுதிய புத்தகம் வந்தது. மாத்திரைகளில் மூழ்கிக்கொண்டிருக்கிறார் என்றார்கள். பழிவாங்கும் துரோகிகள் என்று ரசிகர்கள் சபித்தார்கள். 1980இல் டென்னசி மாநில மருத்துவ வாரியம், அளவுக்கு மீறி மருந்து எழுதிக் கொடுத்ததற்காக எல்விஸின் மருத்துவருடைய உரிமத்தை மூன்று மாதம் நிறுத்தி வைத்தது. மனக்கசப்பு உள்ளவரும் உண்மை சொல்லலாம். ஒரே ஒரு கசப்பாளரை நம்பி ஓர் அத்தியாயமே நிற்கிறதா, அவர் சொன்னதை வேறு ஆவணம் தாங்குகிறதா என்பதே பார்க்க வேண்டியது.

பேட்டிகளின் எண்ணிக்கையைக் கண்டு மயங்காதீர்கள். ஆல்பர்ட் கோல்ட்மன் 1988இல் லெனனைப் பற்றி எழுதிய தடித்த புத்தகம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பேட்டிகள் என்ற விளம்பரத்தோடு வந்தது. மெக்கார்ட்னி வெளிப்படையாகக் கண்டித்தார், ரோலிங் ஸ்டோன் இதழ் தனியாக விசாரித்து மறுப்பு வெளியிட்டது. அதற்கு முன் அவர் எழுதிய எல்விஸ் வரலாற்றிலும் இதே நோய். எல்விஸின் குடும்பம், அவர்களுடைய தெற்கத்திப் பேச்சு, உண்பது, உடுப்பது எல்லாவற்றின் மேலும் ஒரு அருவருப்பு. தகவல் சரியாக இருக்கும் பக்கங்களிலும் அந்த அருவருப்பு படிந்திருக்கிறது. எழுதுபவர் தன் நாயகனை விரும்ப வேண்டும் என்றில்லை. ஆனால் அவன் வாழ்வில் பார்க்க ஏதோ இருக்கிறது என்ற எண்ணமாவது வேண்டும். அது இல்லாதவர் ஏன் ஆறேழு ஆண்டு இதில் செலவழித்தார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

யாராலும் சரிபார்க்க முடியாத பகுதிகள் எல்லா வரலாற்றிலும் உண்டு. அங்கே ஆசிரியர் எப்படி நடந்துகொள்கிறார் என்பது முக்கியம். நான் மேலே புகழ்ந்த கிராஸ், கோபேனின் கடைசி மணிநேரங்களைக் கூடவே இருந்து பார்த்தவர்போல எழுதியிருக்கிறார். அங்கே வேறு யாரும் இல்லை. காவல்துறை ஆவணங்களைக் கொண்டு ஊகித்தது என்றாலும், ஊகம் என்ற முகம் அந்தப் பக்கங்களில் தெரிவதில்லை. நானூறுக்கும் மேற்பட்ட பேட்டிகளால் சேர்த்த நம்பிக்கையை அங்கே கொஞ்சம் செலவழித்துவிட்டார் என்றே நினைக்கிறேன். டோர்ஸ் குழுவின் ஜிம் மாரிசன் 1971 ஜூலையில் பாரிஸில் இறந்தார், பிரேதப் பரிசோதனை நடக்கவில்லை. அந்த ஓட்டையில் எத்தனை புத்தகங்கள் குடியேறின! 1980இல் வந்த புகழ்பெற்ற வரலாறு ஒன்று, அவர் சாகாமலே இருக்கலாம் என்ற ஐயத்தைக்கூட வாசகர் மனத்தில் விதைத்தது. 'அவர் நினைத்தார்', 'அவருக்குத் தோன்றியது' என்று ஒரு வரி வந்தால், அது கடிதத்திலிருந்தா பேட்டியிலிருந்தா என்று பின்குறிப்பில் பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் அது நாவல்.

இவ்வளவும் உண்மை பற்றியது. படிக்கத் தகுந்ததா என்ற மற்றக் கேள்விக்கு என் அளவுகோல் ஒன்றுதான்: பாட்டு எப்படிப் பிறந்தது என்பதை ஆசிரியர் காட்டுகிறாரா? பல வரலாறுகளில் ஆல்பங்கள் வெறும் தேதிகளாகவும் விற்பனைக் கணக்காகவும் வந்து போகும். இடையில் விடுதி அறைகள், காதலிகள், வழக்குகள். 1954 ஜூலையில் சாம் பிலிப்ஸின் கூடத்தில் நடந்ததை குரால்னிக் எழுதியதைப் படியுங்கள். எல்விஸும் கிட்டார் கலைஞர் ஸ்காட்டி மூரும் பேஸ் கலைஞர் பில் பிளாக்கும் மெதுவான பாட்டுகளாக முயன்று களைத்துவிட்டார்கள். எதுவும் தேறவில்லை. இடைவேளையில் எல்விஸ் விளையாட்டாக 'தட்ஸ் ஆல் ரைட்' என்ற பழைய புளூஸ் பாட்டை வேகமாகப் பாடிக் குதிக்கிறார். பிளாக் தன் பேஸை எடுத்துச் சேர்ந்துகொள்கிறார், மூரும் சேர்கிறார். டிரம்ஸ் கிடையாது. கதவு வழியாகத் தலையை நீட்டிய பிலிப்ஸ் என்ன செய்கிறீர்கள் என்கிறார். தெரியாது என்கிறார்கள். சரி, தொடங்கும் இடத்தைப் பிடித்து மறுபடி செய்யுங்கள் என்கிறார். படித்ததும் அந்தப் பாட்டைப் போட்டுக் கேட்காமல் இருக்க முடியாது. கேட்டால் முன்பு கேட்காத ஒன்று, டிரம்ஸ் இல்லாத அந்த வெற்றிடம், காதில் விழும்.

இரண்டு கேள்விகளும் நேரெதிராகப் பிரிந்துபோகும் இடமும் உண்டு. டிலன் 2004இல் வெளியிட்ட தன்வரலாற்றில் காலவரிசை குழம்புகிறது, வேறு எழுத்தாளர்களின் சொற்றொடர்கள் பல அதில் பதுங்கியிருப்பதை வாசகர்கள் தோண்டி எடுத்திருக்கிறார்கள். எல்லோரும் அறிய விரும்பும் 1965, 1966 ஆண்டுகளையோ கிட்டத்தட்டத் தாண்டிப் போய்விடுகிறார். ஆவணமாக அதைக் கையில் எடுக்க மாட்டேன். ஆனால் 1961இன் குளிர்கால நியூயார்க்கை அதைவிட உயிரோடு எழுதிய பக்கங்கள் அதிகமில்லை. உண்மைக்குக் குறைந்த மதிப்பெண், எழுத்துக்கு நிறைந்த மதிப்பெண். இதைக் கூட்டி வகுத்து நடுவில் ஓர் எண் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

உங்கள் கையிலுள்ள புத்தகத்துக்கு நடைமுறையில் என்ன செய்யலாம்? கடைசிப் பக்கங்களைத் திறந்து பின்குறிப்புகள் அத்தியாயவாரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். அந்தப் பாடகரின் முதல் குழுவிலிருந்து கழற்றிவிடப்பட்ட ஒருவர் கட்டாயம் இருப்பார். பீட்டில்ஸில் 1962 ஆகஸ்டில் நீக்கப்பட்ட டிரம்ஸ் கலைஞர் பீட் பெஸ்ட் போல, ரோலிங் ஸ்டோன்ஸில் தோற்றம் பொருந்தவில்லை என்று மேடையிலிருந்து பின்னுக்குத் தள்ளப்பட்ட பியானோ கலைஞர் இயன் ஸ்டூவர்ட் போல. சொல்லடைவில், அதாவது நூலின் கடைசியிலுள்ள அகரவரிசைப் பட்டியலில், அவர் பெயரைத் தேடி அந்தப் பக்கங்களைப் படியுங்கள். வென்றவர்கள் சொன்னது மட்டும் இருக்கிறதா, அவரிடமும் யாராவது கேட்டிருக்கிறார்களா? முதல் மனைவிக்கும் இதே சோதனை. இந்த இரண்டு பேரும் பெயர்களாக மட்டும் வந்துபோகிற வரலாறுகளில் மிச்சமும் அரைகுறையாக இருப்பதையே பெரும்பாலும் கண்டிருக்கிறேன்.

என் முறைக்கும் எல்லை உண்டு. தேதி, ஆவணம், சாட்சி ஆகியவற்றில் பிசகுபவரை இது பிடித்துவிடும். தகவல் எல்லாம் சரியாக இருந்தும் ஆளைப் பிடிக்கத் தவறிய புத்தகத்தை இதனால் பிடிக்க முடியாது. அதற்கு அதே பாடகரைப் பற்றி இன்னொரு புத்தகமாவது படித்திருக்க வேண்டும். முடிந்தால் எதிர்க்கட்சிக்காரர் எழுதியதாகத் தேர்ந்தெடுங்கள்.

இத்தனை பக்கம் எதற்கு, படம் வந்திருக்கிறதே, அதைப் பார்த்தால் போதாதா என்றும் கடைசியில் கேட்டிருந்தீர்கள். போதாது. குயின் குழுவின் பாடகர் ஃபிரெடி மெர்குரியைப் பற்றி 2018இல் வந்த படத்தில், 1985 ஜூலையில் லண்டனில் நடந்த லைவ் எய்ட் என்ற நிதிதிரட்டும் இசை நிகழ்ச்சிக்கு முன்பே தனக்கு எய்ட்ஸ் என்று அவர் குழுவினரிடம் சொல்லிவிடுகிறார். பிரிந்து கிடந்த குழு அந்த மேடையில் மீண்டும் சேருகிறது. உண்மையில் குயின் குழு பிரியவே இல்லை, அந்த ஆண்டு ஜனவரியிலேயே ரியோவில் பெருங்கூட்டத்தின் முன் வாசித்திருந்தது. நோய் உறுதியானது 1987 வாக்கில் என்றே பெரும்பாலான வரலாறுகள் சொல்கின்றன. படத்துக்கு உச்சக்காட்சி தேவைப்பட்டது, தேதியை நகர்த்திக்கொண்டார்கள். படத்தில் பின்குறிப்பு கிடையாது, நீங்கள் போய்ப் பார்க்க ஒரு பக்க எண்ணும் கிடையாது. எண்ணூறு பக்கத்தையே எடுங்கள், பாடகர் வாயால் சொன்ன அந்தக் கதை வரும் அத்தியாயத்திலிருந்து.